பச்சைப் பொட்டலம் காத்தருளிய யூஎஸ்பி வாய்

வாழ்க லாய் யீ-ஜென்! உப்புக்காற்று தகரக் கூரைகளைத் தின்று ஏப்பம் விடும் சீகூ கடலோரத்தில், பால்மீன் குளக்கரையில் பிறந்தவள், செதில் ஒட்டிய விரல்களாலேயே எழுத்துப் பழகியவள், தன் குலத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் காலுக்கு உரியவள், சினத்தைப் பையில் வைக்க இடம் போதாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டு திரிபவள், "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?" என்று கேட்ட ஆடவரை எல்லாம் ஒற்றைப் பார்வையில் ஊமையாக்கிய வாள்விழியாள் வாழ்க! அவள் கைப்பட உருவான ஆக்சிஜன் உணர்கோல் வாழ்க! அக்கோலின் வாலாகிய கம்பியும் வாழ்க! அக்கம்பி நுழைய வேண்டிய, அன்று நுழைந்தும் பயனற்றுப்போன, சுண்டுவிரல் நகத்தினும் சிறிய அந்த யூஎஸ்பி வாய் மட்டும் நாசமாய்ப் போக!

களம் எது எனில், தைனான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாம் மாடிக் கருத்தரங்க அறை. காலம், வெயில் தார்ச்சாலையை வெல்லப்பாகாக இளக்கும் ஜூலைக் கடைசி. நடக்கவிருந்தது யீ-ஜென்னின் முதுகலை வாய்மொழித் தேர்வு. தேர்வுக்கு நிற்பவளே தேர்வாளர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பது அங்கே மரபு. ஏன் என்று கேட்டவர் எவரும் பட்டம் பெற்றதாகச் செய்தி இல்லை. ஆகவே பொரித்த பன்றிக்கறியும் சோயாவில் ஊறிய முட்டையும் அடங்கிய மதிய உணவுப் பெட்டிகளும், நறுக்கிய கொய்யாவும், சர்க்கரை பாதி, ஐஸ் குறைவு என்று கேட்டவர் கேட்டபடிக்குத் தேநீர்க் குவளைகளும் மேசைமேல் தேர்ப்படை போல அணிவகுத்திருந்தன. சுவரோரமாக, காற்றுக்குழாய் குமிழியிடும் ஒரு நீலத் தொட்டி. அதில் மூன்று பால்மீன்கள் வெள்ளிக் கத்திகளாகச் சுழன்றுகொண்டிருந்தன. விடிந்ததும் தன் குட்டி லாரியில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய அப்பா, மகளுக்கு வழங்கிய ஆசீர்வாதம் இது:

"மூணையும் உயிரோட திருப்பிக் கொண்டா. பட்டம் கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி."

அவர் சொன்னதில் குற்றமில்லை. இரண்டு கோடைக்கு முன் ஒரு விடியலில் அவருடைய குளத்தில் மூச்சுக்காற்று தீர்ந்து, மொத்த மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தது. நீரில் மூச்சு குறையத் தொடங்கும்போதே கூவி எழுப்பும் கோல் ஒன்றைச் செய்வேன் என்று யீ-ஜென் அன்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கெட்ட வார்த்தைதான் சொன்னாள். ஆனால் செய்துவிட்டாள். கோலைத் தொட்டியில் நட்டு, அதன் கணக்குத் திரையில் ஓடுவதைத் தேர்வாளர் கண்முன் காட்டிவிட்டால் பட்டம் அவளுடையது. காட்டாவிட்டால் தேர்வு அரையாண்டு தள்ளிப்போகும். ஆகஸ்டு பிறந்ததும் மீன்வளக் கூட்டுறவில் அவள் உட்கார வேண்டிய நாற்காலி வேறு எவனோ ஒருவனுடைய பிட்டத்துக்குப் போய்ச் சேரும்.

இனி, பகைவன் குடியிருந்த கோட்டையைக் கேளுங்கள். அது ஆய்வுக்கூடத்தின் மடிக்கணினி. விசைப்பலகையில் பாதி எழுத்து தேய்ந்து, கீல் முனகி, விசிறி காசநோயாளியாய் இருமும் முதுகிழப் பொறி. கோலின் கணக்கைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் அந்தக் கிழத்தினுள் மட்டுமே சிறையிருந்தது. அதை விற்ற நிறுவனம் கடையை மூடிக்கொண்டு போய்விட்டதால், வேறு கணினிக்கு அதைக் குடியேற்றும் சாவி உலகில் எவரிடமும் இல்லை. கிழத்துக்கு வாய் இரண்டு. வலவாய், ஆய்வுக்கூடத்து மூத்த மாணவன் தூ போ-யென் தன் கழுத்துக்குக் காற்று வாங்கும் குட்டி விசிறியைத் தலைகீழாகக் குத்தித் திணித்த அன்றே வீரமரணம் அடைந்தது. எஞ்சியது இடவாய். நம்பியதும் அதையே.

அந்த இடவாய்க்குக் காவல் தெய்வமும் உண்டு. மூடியின் முதுகில் பசைநாடாவால் ஒட்டப்பெற்ற பச்சை நிறப் பொட்டலம். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. பெயர் குவாய்குவாய், அதாவது சமத்து, சமத்து. இதைத் தலையில் சூடிய பொறி சமத்தாக இருக்கும் என்பது தைனானும் தைபேயும் கிடக்கும் அத்தீவில் மருத்துவமனை முதல் வங்கி வரை இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் அத்தனை பேரின் உறுதிப்பாடு. பச்சை மட்டுமே ஆகும். மஞ்சளை வைத்தால் பொறி திக்கித் திணறும். தேதி முடிந்த பொட்டலம் சாபமாய்த் திரும்பும். எல்லாவற்றிலும் பெரிய பாவம், அதைத் திறந்து தின்பது. இவ்விதிகளைச் செந்நிறத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி ஆணையிட்டவர், எண்பது ஆய்வுக் கட்டுரைகளின் நாயகரும் யீ-ஜென்னின் நெறியாளருமாகிய பேராசிரியர் ஷீ. அதே தாளின் அடியில் 'ஆய்வுக்கூடத்தில் உண்ணலாகாது' என்றும் அவர் எழுதியிருந்தார்.

"பொரி பாக்கெட்ட ஒட்டுனா மெஷின் ஓடும்னா, நாமல்லாம் எதுக்குய்யா படிக்கிறோம்?" என்று முதலாண்டிலேயே சபையில் கேட்டவள் யீ-ஜென். அன்று முதல் அந்தக் கூடத்தில் குழாய் ஒழுகினாலும் குற்றவாளி அவளே.

எழுந்தது போர்! தேர்வாளர்கள் பக்கத்து அறையில் பன்றிக்கறியோடு பொருதுகொண்டிருந்த அந்த நண்பகலில், யீ-ஜென் கம்பியை ஏந்தி இடவாயில் செலுத்தினாள், நுழையவில்லை, புரட்டிச் செலுத்தினாள், அப்போதும் நுழையவில்லை, முதலில் பிடித்தபடியே மறுபடி செலுத்தினாள், நுழைந்தது. யூஎஸ்பியைப் படைத்தவன் மனித குலத்துக்கு இட்ட சாபம் இது, அதில் புதுமை இல்லை. புதுமை அடுத்து வந்தது. திரையின் மூலையில் ஒரு கட்டம் எழுந்து, பகைநாட்டுத் தூதனைப் போல நெஞ்சு நிமிர்த்தி முழங்கியது: இச்சாதனம் இன்னதென யாம் அறியோம்.

"அறியோமா? நேத்து ராத்திரி வரைக்கும் அறிஞ்சியேடா!" என்றாள்.

அவள் அஞ்சவில்லை. கம்பியைப் பிடுங்கினாள், மறுபடி நட்டாள். பொறியை அணைத்து எழுப்பினாள். கிழம் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் தொட்டி மீன்கள் உலகை நாற்பது சுற்றுச் சுற்றியிருக்கும். எழுந்து, கொட்டாவி விட்டு, அதே வசனத்தை ஒப்பித்தது. சாதன மேலாளர் என்னும் அந்தப்புரத்துக்குள் அத்துமீறி நுழைந்தாள். அங்கே மஞ்சள் முக்கோணமும் உள்ளே ஆச்சரியக்குறியுமாய்ப் பகைவனின் கொடி பறந்தது. கோலைப் பொறிக்குப் புரியவைக்கும் இயக்கி மென்பொருளை வேரோடு கெல்லி எறிந்தாள், தேடிப் பிடித்துத் திரும்ப நிறுவினாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வாய்களை உறங்கவைக்கும் கஞ்சக் கட்டளையைக் கண்டு அதன் கழுத்தை நெரித்தாள். வேறு கம்பி, வேறு கோல், கடைசியில் யாருடையதோ ஒரு சுட்டெலி. படைக்கலம் மாற்றி மாற்றி எறிந்தாள், வெட்ட வெட்ட முளைக்கும் அரக்கன் தலை போல முக்கோணம் மட்டும் முளைத்துக்கொண்டே இருந்தது. வியர்வை நெற்றியில் இறங்கிப் புருவத்தில் தேங்கி மூக்கு நுனியில் தொங்கிற்று. துடைக்கக் கை ஒழியவில்லை.

அவ்வேளையில் அறைக்குள் புகுந்தான் தூ போ-யென். முனைவர் பட்டக் கோட்டையை ஏழாண்டாக முற்றுகையிட்டு, கோட்டையும் விழாமல் தானும் ஊர் திரும்பாமல் அகழிக் கரையிலேயே தொப்பை வளர்த்த தளபதி. அவன் திரையைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை. நேராகப் பொட்டலத்தின் முன் குனிந்து, கருவறை முன் நிற்பவன்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், மூச்சுக்கூடப் படாமல், மூலையில் அச்சிட்டிருந்த தேதியை வாசித்தான்.

"நவம்பர் வரைக்கும் தேதி இருக்கே. அப்புறம் ஏன்?"

"அண்ணே, போர்ட் செத்துக் கெடக்கு. நீ பொரிக்கு ஜாதகம் பாக்குற."

"போர்ட் சும்மா சாகாது யீ-ஜென். மனசு கோணியிருக்கு. நீ அன்னிக்குச் சபையில பேசுன பேச்சு இருக்கே..."

"ரெண்டு வருஷம் கழிச்சா கோணும்?"

"சாமி நேரம் பார்த்துத்தான் அடிக்கும்." இவ்வாறு தீர்ப்புரைத்த தூ, புதுப் பொட்டலம் ஒன்றே பரிகாரம் என்று பறையறைந்து, ரப்பர்ச் செருப்பு படிகளில் முரசு கொட்ட, வளாகத்துக் கடையை நோக்கிப் படையெடுத்தான். ஆனால் அது ஜூலைக் கடைசி. வளாகம் முழுவதும் ஆய்வேட்டுப் போர். ஒவ்வொரு கூடமும் தன் பொறிக்கெனப் பச்சையை அள்ளிப் போயிருந்தது. வெறுங்கையோடு திரும்புவது வீரனுக்கு இழுக்கு என்று கருதிய தூ, அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த மஞ்சள் பொட்டலத்தைச் சிறைபிடித்து, வரும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து பச்சை மார்க்கரால் மேலிருந்து கீழ்வரை தீட்டி, போரில் மண்டை உடைந்த கிளிபோல் தோன்றிய அதை இரு கையாலும் ஏந்தி வந்தான்.

"அண்ணே. இது மஞ்சள்."

"இப்ப பச்சை."

"தொட்டா கையில ஒட்டுது."

"காயட்டும். அவசரப்படாத."

யீ-ஜென் அவனை ஜன்னல் வழியே எறியலாமா என்று ஒருகணம் ஆராய்ந்தாள். அதற்குள், பல்லிடுக்கில் மூங்கில் குச்சியோடு, உண்ட களைப்பு முகத்தில் ஒளிர, பேராசிரியர் ஷீ எழுந்தருளினார். நிலைமையைக் கேட்டார். இரண்டு பெரும் விருதுகளையும் ஒரு மாதிரிக் குளத்தையும் தன் பெயரில் உடைய அந்த மேதை கேட்ட முதற்கேள்வி:

"பொட்டலத்தப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார். புதுசும் வந்தாச்சு," என்று தூ பச்சை விரல்களை மறைத்தான்.

"அப்ப பழசப் பிச்சுப் போட்ருவோம்," என்று யீ-ஜென் மூடியின் முதுகை நோக்கிக் கை நீட்டினாள்.

"அதத் தொடாத!" என்றார் ஷீ. வேள்வித் தீயில் யாரோ கால் வைத்ததைப் போன்ற அலறல். அறை அதிர்ந்தது, ஒரு மீன் துள்ளித் தரையை நனைத்தது. "பழசு... பழசு இருக்கட்டும். பக்கத்துலயே புதுசையும் வையி. ரெண்டு இருந்தா ரெண்டு பங்கு பலம்."

யீ-ஜென் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கொய்யாவைப் பார்த்தார்.

கடைசியாக வந்தவர் வெளித்தேர்வாளர் யென். தைபேயிலிருந்து அதிவேக ரயிலில் காலையில் இறங்கிய, தோளளவே உயரமுள்ள, குரலை உயர்த்தியே அறியாத அம்மையார். உட்கார்ந்தார், தேநீர்க் குவளையில் உறிஞ்சியைக் குத்தினார், போர்க்களத்தை ஒருமுறை கண்ணால் துழாவினார்.

"படம், வரைகோடு எல்லாம் ஏட்டுல பாத்துட்டேன்மா. எனக்குக் கோல் வேலை செய்யணும். சாயங்கால வண்டியில நான் திரும்பணும். ஆரம்பிக்கலாமா?"

இது ஆணை அல்ல, ஆனால் ஆணையைவிடக் கொடியது. அவளுக்குப் பின்னால் ஒரு குளமும் அதில் ஒரு விடியலும் வெள்ளை வெள்ளையாய் மிதந்த வயிறுகளும் நின்றன. அவளுக்கு முன்னால் முனைவர் இருவரும் முனைவராகப் போகிறவன் ஒருவனும் நின்றார்கள். அவர்களில் ஷீ, தூ இருவர் கண்ணும் பொரிமேல் இருந்தது. படிக்காத அப்பன், குளம் செத்தபோது, முதலில் தண்ணீரில் கையை விட்டுத்தானே பார்த்தான்? அவள் சினம் அங்கே ஒரு புள்ளியில் குவிந்தது. குவிந்த சினத்துக்குக் கண் தெரியும்.

தெரிந்தது. கம்பியின் தலை வாய்க்குள் முழுதாக அமரவில்லை. நூலளவு வெளியே நின்றது.

பிடுங்கினாள். பொறியை அணைத்தாள், மின்கலத்தைக் கழற்றி வைத்தாள். கைபேசி விளக்கை இடவாய்க்குள் பாய்ச்சி ஒற்றைக் கண்ணால் நோக்கினாள். ஆ! அந்தச் செவ்வகக் குகையின் அடிஆழத்தில், பொன்னிறத் தகடுகள் நான்கும் படைவீரர்களாய் வரிசை நிற்க வேண்டிய இடத்தில், அவர்களை மிதித்துக்கொண்டு, வெளிறிய மஞ்சளில், கரடுமுரடாய், மலைப்பாறையைப் போல் குந்தியிருந்தது ஒரு பொருள்!

"குச்சி," என்று கை நீட்டினாள்.

"எந்தக் குச்சி?" என்றார் ஷீ.

"உங்க வாயில இருக்கறது இல்ல சார். புதுசு."

உணவுப் பெட்டியின் உறையிலிருந்து தூ ஒரு மூங்கில் பற்குச்சியை உருவி நீட்டினான். அதை வேலெனப் பற்றிய யீ-ஜென், மூச்சடக்கி, பாறையின் வலப்புறம் நுழைத்தாள், பாறை அசையவில்லை. இடப்புறம் நெம்பினாள், அசைந்தது, உடனே இன்னும் ஆழத்துக்குப் பின்வாங்கிற்று. கோழை! பொறியைக் கவிழ்த்து முதுகில் இரண்டு அறை கொடுத்தாள். அந்த அடியில் பகைவனுக்கு மட்டுமல்லாமல் பொதுவாக எல்லாருக்கும் பங்கிருந்தது. மீண்டும் வேல். மெல்ல, மிக மெல்ல, குகையின் விளிம்புவரை இழுத்துவந்து, கடைசி நெம்பலில் வெளியே தெறிக்க வைத்தாள். மேசையின் வெள்ளைத் துடைதாளில் வந்து விழுந்தான் மாற்றான், அரிசியில் பாதிகூட இல்லாத உடம்போடு.

அவள் அதைக் குச்சியில் குத்தி மூக்கருகே கொண்டுபோனாள்.

தேங்காய்.

சோளப்பொரித் துணுக்கு வாய்க்குள் இருந்தால், பொரி அந்தப் பொறியின் தலைமாட்டில் உண்ணப்பட்டிருக்கிறது. அந்தக் கூடத்தில் பொரி ஒன்றே ஒன்றுதான் உண்டு. யீ-ஜென் எழுந்து மூடியின் பின்புறம் போனாள்.

"யீ-ஜென், வேண்டாம்மா," என்றார் ஷீ. முதன்முறையாக அவர் குரலில் 'ம்மா' ஒட்டியிருந்தது.

பிய்த்தாள். பொட்டலம் உப்பித்தான் இருந்தது. ஆனால் குலுக்கினால் பொரி கலகலக்கவில்லை, தாள் சரசரத்தது. அடி விளிம்பை யாரோ கத்தரியால் நேர்த்தியாக வெட்டி, இருபுறப் பசைநாடாவால் அதைவிட நேர்த்தியாக மூடியிருந்தார்கள். கிழித்துக் கவிழ்த்தாள். கொட்டியது கசங்கிய தாள். ஒன்றை விரித்தாள். 'மூன்றாம் அத்தியாயம்: உணர்கோலின் அமைப்பும் அளவுத்திருத்தமும். லாய் யீ-ஜென்.' மே மாதம் அவள் அச்செடுத்து ஷீயின் கையில் கொடுத்தது. கேட்கும்போதெல்லாம் "படிச்சிட்டே இருக்கேன்" என்று அவர் சொன்னது. பக்கம் பக்கமாக விரித்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை, சிவப்பு மையின் ஒரு பொட்டுகூட இல்லை. தேங்காய்ப்பொடி மட்டும் ஆங்காங்கே இருந்தது.

அவள் மின்கலத்தைப் பொருத்தினாள், கிழத்தை எழுப்பினாள், கம்பியை நட்டாள். 'டிங்' என்று ஒரு சிறு மணி. முக்கோணம் மறைந்தது. தொட்டியின் மூச்சு, ஆறு புள்ளி எட்டு, திரையில் பச்சைக் கோடாய் எழுந்து நடந்தது. தூவின் கை அனிச்சையாகக் கூப்பிக்கொண்டது. யாரை நோக்கி என்பது அவனுக்கே விளங்கவில்லை.

தேர்வு நடந்தது. யீ-ஜென் பேசினாள், காற்றுக்குழாயை நிறுத்திக் கோடு சரிவதைக் காட்டினாள், கோல் கூவியது, குழாயைத் திறந்தாள், மீன்கள் பிழைத்தன. யென் அம்மையார் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"இன்னிக்கு முதல்ல பழுதாச்சே. காரணம் என்னன்னு சொல்லு. கருவி செய்யறவ காரணம் சொல்லணும்."

கையெழுத்துப் போடும் பேனா ஷீயின் சட்டைப்பையில் இருந்தது.

"பழுது கருவியில இல்ல மேடம்," என்றாள் யீ-ஜென். "எங்க சார் பொட்டலத்தத் தின்னு, துணுக்க போர்ட்டுல சிந்திட்டு, காலியாத் தெரியக்கூடாதுன்னு உள்ள என் மூணாம் அத்தியாயத்த அடைச்சு வச்சிருக்காரு."

எண்பது கட்டுரைகளின் நாயகர் தலை கவிழ்ந்தார். "காலையில சீக்கிரம் வந்துருவேன். பசிக்கும். சர்க்கரைன்னு வீட்டுல எதையும் கண்ணுல காட்ட மாட்டா... கையில கெடைச்ச தாள..."

"பசிச்சா சாப்பிடுங்க சார், யாரு வேணாம்னா? மூணாம் அத்தியாயத்தையும் ஒரு வாய் பாத்திருக்கலாம்ல?"

யென் அம்மையாருக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, அந்தத் தாழ்ந்த குரலிலேயே தீர்ப்பு வழங்கினார்: "ஷீ, வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு. இப்பப் படிங்க. சத்தமா. நாங்களும் கேக்குறோம்."

அவ்வண்ணமே, நீர்வளத் துறையின் பெருமகன் கசங்கிய தாள்களை முழங்காலில் நீவி நீவி, தேங்காய்ப்பொடியை ஊதி ஊதி, மூன்று மீன்களும் மூன்று மனிதர்களும் சாட்சியாக, தன் மாணவியின் எழுத்தை முதன்முறையாக வாசித்தார். நான்காம் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்ப ஒருமுறை தனக்குள் வாசித்தார்.

"இது நல்லாருக்கே!" என்றார்.

இரண்டாண்டாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவள் யீ-ஜென். சொல் வந்தது, கூடவே அதன் வாலில் தொங்கிய வியப்பும் வந்தது. அந்த வியப்புக்காக அவரை மீன்தொட்டியில் முக்கியெடுக்கத் தோன்றியது. அதே சமயம் அந்த நான்காம் பக்கத்தை அப்பாவிடம் காட்டவும் தோன்றியது. அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளர் கையெழுத்துகள் வீழ்ந்தன. முரசம் முழங்காமலே முழங்கிற்று. வாகை சூட்டாமலே சூட்டப்பட்டது. மார்க்கர்ப் பச்சை காயாத மஞ்சள் பொட்டலம் தூவின் திருக்கரத்தால் கிழப்பொறியின் முதுகில் அரியணை ஏறியது. உப்புக்காற்றின் மகளும், கெட்டவார்த்தையின் கொழுந்தும், இடவாய்ப் பெரும்போரில் பற்குச்சி ஒன்றால் பகை முடித்தவளுமாகிய லாய் யீ-ஜென், நீலத் தொட்டியை மார்போடு அணைத்து, மூன்று உயிரும் தளும்பாமல் மூன்று மாடி இறங்கி, வாசலில் இரைந்துகொண்டிருந்த அப்பாவின் லாரியில் ஏற்றினாள். வழியில் ஒரு கடையில் இறங்கிப் பச்சைப் பொட்டலம் ஒன்று வாங்கி, வண்டியிலேயே பிரித்து, அப்பாவுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் தின்றாள், நன்றாகத்தான் இருந்தது.